பிரிட்டோரியாவில் காலாற நடக்க: பூங்காக்களுக்கும் பெரிய வீட்டுத் தெருக்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தென்னாப்பிரிக்கா என்றால் கேப் டவுன், டர்பன், சிங்கம் பார்க்கக் குரூகர் காடு. நாட்டின் நிர்வாகத் தலைநகரான பிரிட்டோரியாவுக்கு அவர்கள் ஒதுக்குவது அரை மணி நேரம். யூனியன் கட்டடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, மண்டேலா சிலைக்குக் கீழே ஒரு படம் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இங்கேயே வருடக்கணக்கில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலரும் இந்த ஊரை வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் அறிவார்கள். நடக்கப் போகிறேன் என்று சொன்னால், "இங்கெல்லாம் யார் நடக்கிறார்கள்?" என்று கேட்பார்கள்.

நடக்கலாம், நன்றாகவே நடக்கலாம். ஆனால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிக்கும் ஊர் இது அல்ல. நடக்கத் தகுந்த பகுதிகள் தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. எந்தத் தீவில் இறங்குவது, எந்த இடைவெளியை வண்டியில் கடப்பது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று காலைப்பொழுதுகள் போதும். வரிசையை நான் ஒரு நடைபாதையிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஊரில் நம்மவர்கள் நடைபாதையில் கால் வைப்பதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால், பிறகு வரும் பூங்காக்களும் பெரிய வீடுகளும் வேறு விதமாகத் தெரியும்.

முதல் படி: எந்த மாதம், எந்த நேரம்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை ஜகரண்டா மரங்கள் பூக்கும் காலம். முதல் மழை எப்போது விழுந்தது என்பதைப் பொறுத்துச் சில நாள் முன்பின் ஆகும். இலை அடர்வதற்கு முன்பே பூ வந்துவிடுவதால் தெரு முழுவதும் மேலேயும் ஊதா, கீழேயும் ஊதா. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஒன்றிரண்டு மரங்களைப் பார்த்தவர்கள், இரு பக்க மரங்களும் சேர்ந்து கூரை வேய்ந்த தெருவைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்கள்.

மரம் இந்த மண்ணுக்குரியது அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1888இல் சன்னிசைடு பகுதியின் ஒரு தோட்டத்தில் நட்ட இரண்டு கன்றுகளிலிருந்து இங்கே கதை தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரப் பொறியாளராக இருந்த வால்டன் ஜேம்சன் தெருத்தெருவாக இதை நடவைத்து, 'ஜகரண்டா ஜிம்' என்ற பட்டப்பெயரையே வாங்கிக்கொண்டார். இன்று இது அயல் ஆக்கிரமிப்பு மரங்களின் பட்டியலில் இருக்கிறது. இருக்கும் மரங்கள் நிற்கலாம், புதிதாக நடக்கூடாது. ஊருக்கே அடையாளமான மரத்தை அந்த ஊரிலேயே நட முடியாது என்பது விசித்திரம்தான், ஆனால் காரணம் நியாயமானது: தண்ணீர் தட்டுப்பாடுள்ள நாட்டில் உள்ளூர்ச் செடிகளை இது நெருக்கித் தள்ளிவிடுகிறது.

பூ இல்லாத மாதங்களிலும் நடக்கலாம். ஜூன், ஜூலையில் வானம் ஒரு துளி மேகமில்லாமல் இருக்கும். விடியற்காலையில் புல் மேல் உறைபனி படரும் அளவுக்குக் குளிர், பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு வெயில். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பச்சை அதிகம், ஆனால் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் மின்னல் விளையாட்டுப் பொருள் அல்ல. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். எந்த மாதமானாலும் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிப்பது நல்லது. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் என்பதால் காற்று இதமாக இருக்கும்போதே வெயில் தோலைச் சுட்டுவிடும். தொப்பி வேண்டும். தண்ணீர் பாட்டிலும் வேண்டும்.

இரண்டாம் படி: வந்து சேர்வதும் தெருப் பெயர்களும்

ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்தோ சாண்ட்டனிலிருந்தோ வருபவர்களுக்குக் கௌட்ரெயின் என்ற ரயில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வந்தால் மார்ல்போரோவில் வண்டி மாறி, கடைசி நிலையமான ஹாட்ஃபீல்டில் இறங்க வேண்டும். ரயிலுக்குள் எதையும் தின்னக்கூடாது, சூயிங் கம்மும் மெல்லக்கூடாது. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள், அபராதம் போடுவார்கள். தங்குவதற்கும் ஹாட்ஃபீல்ட், புரூக்ளின், ஆர்கேடியா ஆகிய மூன்று பகுதிகளில் ஒன்றைப் பாருங்கள். மூன்று நடைகளுக்கும் அங்கிருந்து புறப்படுவது எளிது.

வழி கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். 2012இல் நகரின் நடுப்பகுதியில் பல தெருக்களுக்குப் பெயர் மாற்றினார்கள். பெரியவர்கள் பழைய பெயரைச் சொல்வார்கள், வரைபடம் புதிய பெயரைக் காட்டும். மிக நீளமான பழைய சர்ச் தெரு இப்போது துண்டு துண்டாக நாலு பெயர்களில் இருக்கிறது. இந்த நடைகளுக்கு அதில் மூன்று போதும்: சதுக்கத்துக்கு மேற்கே டபிள்யூ. எஃப். இங்கோமோ தெரு, கிழக்கே ஹெலன் ஜோசப் தெரு, அதற்கும் கிழக்கே ஸ்டான்சா போபாப்பே தெரு. பழைய ஸ்கின்னர் தெரு இப்போது நானா சீதா தெரு. குஜராத்தில் பிறந்து பிரிட்டோரியாவில் வாழ்ந்த காந்தியவாதி அவர். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி வீட்டைக் காலிசெய்ய மறுத்து மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனவர். பழைய வாக்கர் தெருவும் சார்ல்ஸ் தெருவும் சேர்ந்து ஜஸ்டிஸ் மஹோமத் தெரு ஆகியிருக்கின்றன. இஸ்மாயில் மஹோமத் இதே ஊரில் பிறந்து, நாட்டின் தலைமை நீதிபதி ஆனவர். ஆக, பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தாலும் கொஞ்சம் சரித்திரம் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: பாதுகாப்பு, வளைத்துப் பேசாமல்

இதைப் பற்றி இரண்டு வகையான பேச்சு உண்டு. ஒன்று, வெளியே கால் வைத்தால் போச்சு என்பது. மற்றொன்று, எல்லாம் மிகைப்படுத்தல் என்பது. இரண்டையும் நம்பாதீர்கள். வழிப்பறி நடக்கும் ஊர்தான், ஆனால் நேரமும் இடமும் பார்த்து நடப்பவர்கள் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கழுத்தில் தங்கம் வெளியே தெரியக்கூடாது. தாலிச்சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் ரவிக்கைக்குள் விட்டுக் கழுத்து மூடிய மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வரைபடம் பார்க்காதீர்கள். ஒரு கடைக்குள்ளோ அருங்காட்சியகத்துக்குள்ளோ நின்று பார்த்துக்கொண்டு, உள்ளே வைத்துவிட்டு நடங்கள். இரண்டு பேருக்குக் குறையாமல் போங்கள், நாலு பேர் என்றால் இன்னும் நல்லது. நகரின் நடுப்பகுதியைச் சனிக்கிழமை காலையில் பாருங்கள், கடைகள் திறந்து ஆள் நடமாட்டம் இருக்கும். ஞாயிறு பிற்பகலில் அங்கே வெறிச்சோடிவிடும், அப்போது வேண்டாம். இருட்டிய பிறகு எங்குமே நடை வேண்டாம். தீவுகளுக்கு இடையே ஊபர் அல்லது போல்ட் வண்டி கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் வந்தால், நிறுத்துமிடத்தில் ஒளிரும் மேலங்கி அணிந்து காவல் நிற்பவருக்குத் திரும்பும்போது சில ரேண்ட் கொடுப்பது இங்கே வழக்கம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் படி: முதல் காலை, நடைபாதையிலிருந்து பூங்கா வரை

சர்ச் சதுக்கத்தில் இறங்குங்கள். நடுவில் பழைய டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகர் உயரமான தொப்பியோடு நிற்கிறார், சிற்பி ஆண்டன் ஃபான் வவ். சதுக்கத்தைச் சுற்றி நின்று பார்க்க வேண்டியவை இரண்டு கட்டடங்கள். ஒன்று குடியரசுக் காலத்துப் பழைய மன்றம். மற்றொன்று அதற்கு எதிரே உள்ள நீதி மாளிகை. 1963, 64இல் ரிவோனியா வழக்கு அங்கேதான் நடந்தது, மண்டேலாவும் தோழர்களும் ஆயுள் தண்டனை பெற்றது அங்கேதான். குரூகர் சிலையும் மண்டேலாவுக்குத் தண்டனை விதித்த கட்டடமும் ஒரே புல்வெளியில் முகம் பார்த்து நிற்க, நடுவில் ஜனங்கள் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். புல்வெளியில் சற்று உட்கார்ந்து பார்க்கலாம்.

அங்கிருந்து மேற்கே, டபிள்யூ. எஃப். இங்கோமோ தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் குரூகரின் வீடு. 1884இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், சுரங்கச் செல்வந்தர் பார்னி பர்னாட்டோ அன்பளிப்பாகக் கொடுத்தவை. வீடு எளிமையானது. ஒரு நாட்டின் தலைவர் வீடா இது என்று தோன்றும்.

வீட்டை விட அதன் முன்னால் உள்ள நடைபாதைதான் நமக்கு முக்கியம். 1893இல், 23 வயதில், வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்குக்காகப் பிரிட்டோரியா வந்த காந்தி தினமும் இந்த வழியாக வெட்டவெளி வரை காலாற நடந்து போவது வழக்கம். இந்தியர்கள் நடைபாதையில் நடக்கக்கூடாது, இரவு ஒன்பது மணிக்கு மேல் அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியே வரக்கூடாது என்பது அன்றைய டிரான்ஸ்வாலின் சட்டம். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் குரூகர் வீட்டு வாசலில் காவல் நின்றவன், எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல், அவரைத் தள்ளி உதைத்துத் தெருவில் இறக்கினான். அந்த வழியாகக் குதிரையில் வந்த நண்பர் கோட்ஸ், வழக்குப் போடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றார். தன் சொந்தக் குறைக்காக நீதிமன்றம் போவதில்லை என்று காந்தி மறுத்துவிட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையக் கதை எல்லாருக்கும் தெரியும், இந்த உதை அவ்வளவாகத் தெரியாது. அருங்காட்சியகத்துக்குள் போவதற்கு முன் வெளியே அந்தப் பக்கம் ஒரு முறை நடந்துவிடுங்கள். ஒருவரும் தடுக்கமாட்டார்கள்.

இனி வண்டி. மராபாஸ்டாட் தூரம் இல்லை, ஆனால் இடையில் உள்ள பஸ், டாக்சி நிலைய நெரிசலில் நடப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நேராக மாரியம்மன் கோயில் வாசலில் இறங்குங்கள். பிரிட்டோரியா தமிழ் லீக் எழுப்பிய கோயில். ஒரு காலத்தில் 'ஆசியக் கடைத்தெரு' என்று அரசு ஒதுக்கிய இந்தப் பகுதியில்தான் தமிழர்களும் குஜராத்திகளும் முஸ்லிம் வணிகர்களும் நெருங்கி வாழ்ந்தார்கள். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகு அவர்களைப் படிப்படியாக நகரின் தென்மேற்கே உள்ள லாடியத்துக்கு அனுப்பினார்கள். ஜனங்கள் போய்விட்டார்கள், கோபுரம் மட்டும் லாரிச் சத்தத்துக்கும் பழைய துணிக் கடைகளுக்கும் நடுவில் நிற்கிறது. திருவிழா நாட்களில் லாடியத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் திரும்பி வருகிறார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத மூன்றாம், நான்காம் தலைமுறை இளைஞர்கள் இங்கே தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பிழையில்லாமல் பாடுவதைக் கேட்கலாம். ஊரிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் பெரியவர்கள் பேச ஆசைப்படுவார்கள். கொஞ்சம் நேரத்தை அதற்கும் ஒதுக்குங்கள்.

கடைசியாகப் பர்கர்ஸ் பூங்கா. 1892இல் திறந்த இது நகரின் பழைய பூங்கா, குடியரசுத் தலைவராக இருந்த பர்கர்ஸின் பெயர் தாங்கியது. வாத்திய மேடை, பெரிய மரங்கள், வளைந்த பாதைகள் என்று எல்லாம் விக்டோரியா காலத்துப் பாணி. பராமரிப்பு முன்போல் இல்லை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எதிரே உள்ள மெல்ரோஸ் இல்லத்தைப் பார்க்காமல் போகக்கூடாது. பயணக் குதிரைவண்டிகள் நடத்திப் பணம் சேர்த்த ஜார்ஜ் ஹேய்ஸ் 1886இல் கட்டிய மாளிகை. 1900இல் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்தபோது தளபதி ராபர்ட்ஸ் இதைத் தலைமையகமாக ஆக்கிக்கொண்டார். 1902 மே 31 அன்று, டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த போரை முடித்த உடன்படிக்கை இதன் சாப்பாட்டு அறையில்தான் கையெழுத்தானது. மேசை இன்றும் இருக்கிறது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்காகவே உள்ளே போகலாம்.

ஐந்தாம் படி: இரண்டாம் காலை, யூனியன் கட்டடமும் ஆர்கேடியாவும்

எல்லோரும் மேல் சாலையில் இறங்கிக் கீழே எட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் கீழே, ஸ்டான்சா போபாப்பே தெருவில் இறங்கி மேலே ஏறுங்கள். படிப்படியாக அடுக்கிய தோட்டம் அப்படி ஏறிப் பார்ப்பதற்காகவே அமைந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும்.

1910 முதல் 1913 வரை கட்டிய இதை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். 285 மீட்டர் நீளம், இரண்டு கோபுரங்கள், நடுவில் அரைவட்டத் தூண்வரிசை. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ஒரு சிறகு, ஆஃப்ரிகான்ஸ் பேசுபவர்களுக்கு ஒரு சிறகு என்பது அன்றைய உருவகம். மற்றவர்களுக்குச் சிறகு கிடையாது. டெல்லி பார்த்தவர்கள் இங்கே நின்று, எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்பார்கள். ரைசினா குன்றின் செயலகக் கட்டடங்களை வடிவமைத்தவரும் இதே பேக்கர்தான். குன்றின் மேல் உட்கார்ந்து கீழே உள்ளவர்களைப் பார்க்கும் கட்டடம் கட்டுவதில் அவர் கைதேர்ந்தவர்.

1956 ஆகஸ்ட் 9 அன்று, கறுப்பினப் பெண்களும் அனுமதிப் புத்தகம் சுமக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து, சுமார் 20,000 பெண்கள் இங்கே வந்து கூடினார்கள். லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், சோஃபியா வில்லியம்ஸ், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ரஹீமா மூசா ஆகிய நால்வர் முன்னின்றார்கள். மனுக்கட்டுகளைப் பிரதமர் அலுவலகத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் மௌனமாக நின்றார்கள். 1994 மே 10 அன்று மண்டேலா பதவியேற்றதும் இங்கேதான். அவருடைய ஒன்பது மீட்டர் வெண்கலச் சிலையைத் திறந்தது 2013 டிசம்பர் 16, அவரை அடக்கம் செய்த மறுநாள். கையெழுத்திட அனுமதி கிடைக்காத சிற்பிகள் சிலையின் காதுக்குள் ஒரு குட்டி முயலை ஒளித்துவைத்திருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் அரசு கோபித்துக்கொண்டு எடுக்கச் சொன்னது. முயல் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

கட்டடத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அங்கிருந்து கிழக்கே கவர்மென்ட் அவென்யூவில் நடங்கள். தூதரகங்கள், தூதர்களின் வீடுகள், இரு பக்கமும் முதிய ஜகரண்டாக்கள். வாசல் காவலர்களைப் படம் எடுக்காதீர்கள். ஈஸ்ட்வுட் தெருவில் தெற்கே திரும்பி இறங்கினால் வெனிங் பூங்கா. ரோஜாப் பாத்திகள், நிழல், பெஞ்சுகள். வயதானவர்கள் கூட வந்தால் அவர்களை இங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஆர்கேடியா பூங்காவில் உள்ள பிரிட்டோரியா ஓவியக்கூடத்துக்குப் போய்வரலாம். இதே ஊரில் பிறந்த ஓவியர் பியர்னேஃபின் மரங்களும் மேகங்களும் அங்கே இருக்கின்றன. அவருடைய கோடுகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஹைவெல்ட் வானம் ஓவியம் மாதிரிதான் தெரிகிறது. அங்கிருந்து ஹாட்ஃபீல்ட் திரும்பும் வழியில் ஸ்பிரிங்போக் பூங்காவைத் தொட்டுக்கொண்டு போகலாம். அதற்கென்று தனியாக வர வேண்டியதில்லை.

ஆறாம் படி: மூன்றாம் காலை, பல்கலைக்கழகத்திலிருந்து வெள்ளை ஜகரண்டா வரை

ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது, அதுவும் அக்டோபர் கடைசி என்றால், மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதை நடங்கள்.

ஹாட்ஃபீல்ட் நிலையத்திலிருந்து தெற்கே வந்தால் பிரிட்டோரியா பல்கலைக்கழகம், 1908இல் தொடங்கியது. ஜகரண்டாப் பூ தலையில் விழுந்தால் ஆண்டிறுதித் தேர்வில் தேறிவிடலாம் என்பது இங்குள்ள மாணவர்களின் நம்பிக்கை. பூக்காலமும் தேர்வுக்காலமும் ஒன்றாக வருவதால் மரத்தடியில் சும்மா நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். லின்வுட் சாலையின் மேல் பாலமாகக் கடக்கும் ஜேவெட் கலை மையம் 2019இல் திறந்தது. மாபுங்குப்வே என்ற பழைய ஆப்பிரிக்க அரசின் பொன் காண்டாமிருகம் அதன் தொகுப்பில் சேர்ந்தது. ஒரு சாண் அளவுகூட இல்லாத அந்தச் சிலை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெள்ளையர் வருவதற்கு முன் இங்கே ஒன்றுமே இல்லை என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்த பொய்க்கு அதை விடச் சுருக்கமான பதில் கிடையாது. காலையில் நடந்துவிட்டு, திறந்த பிறகு திரும்பி வந்து பாருங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு மேற்கே சிறிது தூரத்தில் மக்னோலியா டெல். பள்ளத்தில் விரிந்த புல்வெளி, ஊடாக வாக்கர் ஸ்ப்ருயிட் ஓடை, வாத்துகள், குழந்தைகள் ஓட இடம். லாடியத்தில் வசிக்கும், எழுபதைத் தாண்டிய ஒரு அக்காவோடு இங்கே வந்திருக்கிறேன். அவருடைய சிறுவயதில் பூக்காலத்தில் அப்பா எல்லாரையும் வண்டியில் ஏற்றி இந்தத் தெருக்களில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவாராம். இறங்க மாட்டார்கள். பூங்கா, பெஞ்சு, குடிநீர்க் குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்து வைக்க வழிசெய்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. "சன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டுவோம், பூ விழுந்தால் பிடிப்போம்" என்றார். இதைச் சொன்னபோது அவர் குரலில் கசப்பு இல்லை. அடுத்த நிமிடமே பூங்காவில் குப்பைத்தொட்டி போதவில்லை என்று நகராட்சியைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

இங்கிருந்து பெய்லிஸ் மக்கிள்நூக் பகுதியின் தெருக்களில் மெதுவாகத் தெற்கே ஏறினால் ஆஸ்டின் ராபர்ட்ஸ் பறவைகள் காப்பகம். நகரத்துக்கு நடுவில் வேலி போட்ட ஒரு குளமும் நாணலும். உள்ளே சுற்ற முடியாது, வேலியோரமாகவும் பறவை பார்க்கும் மறைவிடத்திலிருந்தும் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் தேசியப் பறவையான நீல நாரையைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கழுத்தை வளைக்கும் அழகில் நம் ஊர்ச் சாரஸ் கொக்கின் சொந்தக்காரி என்று தெரிந்துவிடும்.

அடுத்து புரூக்ளின். புரூக்ஸ் தெரு, முர்ரே தெரு என்று எதில் வேண்டுமானாலும் நுழையலாம். வழி தப்பினாலும் நஷ்டமில்லை. தெரு நேராகப் போகும், மேலே ஊதாப் பந்தல், இரு பக்கமும் உயர்ந்த மதில், மதிலின் மேல் மின்வேலி, வாசலில் ஆயுதக் காவல் நிறுவனத்தின் பலகை, உள்ளே குரைக்கும் நாய். வீடுகள் அழகானவை. சிவப்பு ஓடு, வெள்ளைச் சுவர், நீண்ட தாழ்வாரம். ஆனால் பெரும்பாலும் கூரையும் புகைபோக்கியும்தான் கண்ணில் படும். பழைய வீடுகளில் சில இன்னும் தாழ்ந்த மதிலோடு இருக்கின்றன, அவற்றின் முன் சற்று நிதானியுங்கள். மதிலுக்கும் சாலைக்கும் இடையே நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுக்காரர்கள் புல்லும் அகபாந்தஸ் செடிகளும் வளர்த்திருப்பார்கள். ஆகையால் நடப்பவர் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். முதல் காலையில் குரூகர் வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு இங்கே சிரிப்பு வரும்.

இந்தத் தெருக்களில் உங்களோடு நடப்பவர்கள் யார் என்று பாருங்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், தோட்டக்காரர்கள், காவலர்கள். வீட்டுக்காரர்கள் வண்டியில் கேட்டைத் திறந்து போய்விடுவார்கள். எதிரே வருபவருக்கு முதலில் "டுமேலா" சொல்லுங்கள். இங்கே வணக்கம் சொல்லாமல் வழி கேட்பது மரியாதைக் குறைவு. வழி கேட்க இவர்களை விடச் சரியான ஆட்களும் கிடையாது.

ஒரு சின்ன எச்சரிக்கை: உதிர்ந்த ஜகரண்டாப் பூ மழை பட்டால் வாழைப்பழத்தோல்தான். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். உதிர்ந்த பூவுக்குள் தேனீ இருக்கும், குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள்.

தெம்பு மிச்சம் இருந்தால் வாட்டர்க்ளூஃப் மேட்டில் ஏறலாம். வீடுகள் இன்னும் பெரியவை, மதில்கள் இன்னும் உயரமானவை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது அலுப்பு. அதற்குப் பதில் மேற்கே குரூன்குளூஃபுக்கு வண்டி பிடியுங்கள். ஹெர்பர்ட் பேக்கர் பெயரில் உள்ள தெருவில் இருப்பவை வெள்ளை ஜகரண்டாக்கள். ஊர் முழுவதும் ஊதாவைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த வெள்ளை இதமாக இருக்கும். பக்கத்திலேயே ஜான் செலியர்ஸ் பூங்கா, ஆஃப்ரிகான்ஸ் கவிஞரின் பெயர் கொண்டது. கல் படிகளில் நீர் வழிந்து இறங்கும் அமைப்பும் புரோட்டியா முதலான உள்நாட்டுச் செடிகளும் உண்டு. மூன்று நடைகளிலும் நான் சிபாரிசு செய்யும் ஒரே பூங்கா எது என்று கேட்டால், கூட்டமே இல்லாத இதைத்தான் சொல்வேன்.

ஏழாம் படி: சாப்பாடும் மிச்சமுள்ள பிற்பகலும்

ஹாட்ஃபீல்டிலும் புரூக்ளினிலும் காபிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. சைவச் சாப்பாடு, அதுவும் வயிறார வேண்டும் என்றால் லாடியத்துக்குத்தான் போக வேண்டும். நகர மையத்திலிருந்து தென்மேற்கே, வண்டியில் அரை மணி நேரத்துக்குள். பிரியாணி, சமோசா, ரொட்டிக்குள் சுருட்டிய பீன்ஸ் கறி கிடைக்கும். காரம் டர்பன் பாணி, விளையாட்டில்லை.

சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குச் சிறந்த இடம் புரூமேரியாவில் உள்ள தேசியத் தாவரவியல் பூங்கா. 76 ஹெக்டேர், நுழைவுக்கட்டணம் உண்டு. நடுவில் ஓடும் ஒரு பாறைமேடு பூங்காவைக் குளிர்ப்பகுதி, வெப்பப்பகுதி என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒரே பூங்காவில் பத்து நிமிட இடைவெளியில் வெவ்வேறு செடிகள் வளர்வது அதனால்தான். மேட்டின் மேல் ஏறும் பாதையில் கற்கள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ப்பாதையிலேயே இருக்கலாம். சைக்காஸ் வகைத் தாவரங்களை நிதானமாகப் பாருங்கள். டைனோசர் காலத்துக் குடும்பம், உலகிலேயே அதிகம் திருடுபோகும் செடிகளில் ஒன்று. புல்வெளியில் விரிப்பு போட்டுப் புளியோதரை சாப்பிடலாம், அடுப்பு மூட்ட மட்டும் அனுமதி இல்லை. மூன்று மணிக்கு மேல் மேற்கே கருமேகம் திரண்டால் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து வண்டி கூப்பிடுங்கள். மழை தொடங்கிய பிறகு கூப்பிட்டால் கட்டணம் இரட்டிப்பாகும், வண்டியும் வராது.